முதுகுத்தண்டு வளைவு: நரம்பையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரிளம் பருவத்தினருக்கு வரும் முதுகுத்தண்டு வளைவைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். புத்தகப்பையும் கோணலாக உட்காரும் பழக்கமும் இதற்குக் காரணமல்ல என்று எழுதியிருந்தது, தங்களையே நொந்துகொள்ளும் பெற்றோர் பலருக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால், கட்டுரை எக்ஸ்ரே, கோப் கோணம் (எக்ஸ்ரேயில் அளக்கும் வளைவின் அளவு), பிரேஸ் (வளைவு கூடாமலிருக்க உடலில் அணியும் கவசம்), அறுவை சிகிச்சை என்று எலும்பைச் சுற்றியே வந்ததே தவிர, நரம்பு மண்டலத்தைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. இயன்முறை மருத்துவர் என்ற முறையில் அதைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன்.

இந்த வயதினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு 10 பாகைக்குக் குறையாத வளைவு உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. இருப்பினும், காரணம் தெரிந்த சில அரிய நோய்கள் நரம்பின் பக்கமே விரல் நீட்டுகின்றன. மூளையின் பின்பகுதியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்து செல்ல வேண்டிய நரம்பிழைகள், ரோபோ3 என்ற மரபணு பழுதுபட்டவர்களிடம் கடக்காமலே நின்றுவிடுகின்றன. அவர்களால் பிறவியிலிருந்தே கண்களைப் பக்கவாட்டில் திருப்ப முடியாது, சிறு வயதிலேயே முதுகும் கடுமையாக வளைந்துவிடும். கண்ணை மூடியிருந்தாலும் கைகால் எந்த நிலையில் இருக்கிறது என்று உணர்த்தும் நரம்புகள் செயலிழந்த எலிகளுக்கு, முள்ளெலும்புகளில் பிறவிக் கோளாறு எதுவும் இல்லாமலே, பருவமடையும் காலத்தில் முதுகு வளைந்ததை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வரிக்குதிரை மீன்களிலோ, மூளைத் தண்டுவடத் திரவத்தை ஓடச்செய்யும் நுண்ணிய மயிரிழைகள் பழுதானால் முதுகு வளைகிறது. வளைவு தொடங்கிய பிறகும் அந்த இழைகளை மீண்டும் இயங்கவைத்தால், அது மேலும் மோசமாவது நிற்கிறது. என்னைப் பொறுத்தவரை, இத்தனை ஆய்வுகளிலும் மிகுந்த நம்பிக்கை தருவது இதுதான்.

எனினும் விலங்கில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது. மூளையில் மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் பீனியல் சுரப்பியை அகற்றிய கோழிக்குஞ்சுகளுக்கு முதுகு வளைந்ததைக் கண்டு, மெலட்டோனின் குறைவே காரணம் என்று ஒரு காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. ஆனால் நோயாளிகளிடம் அந்த ஹார்மோனை அளந்து பார்த்தபோது முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதேபோல, வளைவுள்ள பிள்ளைகளிடம் உடல் சமநிலையில் சிறு வேறுபாடுகள் காணப்பட்டாலும், அவை வளைவை உண்டாக்கியவையா, வளைந்த உடலோடு வாழ்வதால் வந்தவையா என்பதை எளிதில் பிரித்தறிய முடியாது.

ஆராய்ச்சி எங்கே போய் நின்றாலும், பரிசோதனை அறையில் நரம்பை மறக்கக் கூடாது. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளைச் சுற்றியுள்ள தோலை மழுங்கிய முனையால் லேசாகக் கீறினால், கீறிய பக்கமாகத் தொப்புள் ஒரு கணம் இழுபடும். ஒரு பக்கம் மட்டும் அது அசையாமல் கிடந்தால், தண்டுவடத்துக்குள் திரவம் தேங்கிய குழி இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமலே பலர் எக்ஸ்ரேவோடு திரும்புகிறார்கள். மார்புப் பகுதி வளைவு வழக்கம்போல வலப்புறம் இல்லாமல் இடப்புறம் இருப்பது, பத்து வயதுக்கு முன்பே தொடங்குவது, வேகமாகக் கூடுவது, கடுமையான தலைவலியோ கால் பலவீனமோ சேர்ந்திருப்பது ஆகியவையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள். இவை எதுவும் இல்லாத பிள்ளைகள் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் துறையினரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நரம்பைச் சீரமைத்து வளைவை நிமிர்த்துவதாக விளம்பரம் செய்பவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். மேலே சொன்ன ஆய்வுகளில் எதுவும் அந்த வாக்குறுதிக்குத் துணைநிற்கவில்லை. பயிற்சிகளால் பயன் உண்டு. ஆனால் அவற்றை நம்பி பிரேஸைக் கழற்றி வைப்பது சரியல்ல. 2013-இல் வெளியான பெரிய ஆய்வில், அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வளைவு முற்றாமல் தப்பியவர்கள் பிரேஸ் அணிந்தோரில் 72 சதவீதம், அணியாதோரில் 48 சதவீதம்; நாளில் அதிக மணி நேரம் அணிந்தவர்களுக்குப் பலனும் அதிகமாக இருந்தது.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்