ஆட்கள் தேவைப்படாத அரசு

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவே எல்லா வேலையையும் செய்யத் தொடங்கிவிட்டால் மனிதர்கள் பொழுதை எப்படிக் கழிப்பார்கள் என்று உங்கள் இதழில் அண்மையில் வந்த கட்டுரை கவலைப்பட்டிருந்தது. பொழுதைக் கழிக்க நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வணிகவரித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு வேறொரு கவலை. அப்போது அரசுக்கு வருமானம் எங்கிருந்து வரும்? அந்த வருமானத்துக்கு அரசு யாரை நம்பியிருக்கும்?

நம் ஏற்பாடுகளில் பல சம்பளத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளியிடம் 12 சதவீதம், நிறுவனத்திடம் 12 சதவீதம். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ-க்கு முறையே 0.75, 3.25. பேரூராட்சி அரையாண்டுக்கொரு முறை வாங்கும் தொழில்வரியும் அப்படித்தான். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 276-வது பிரிவு கட்டிப்போட்டிருக்கும் சின்ன வரி அது. பத்துக் கணக்கர்கள் இருந்த இடத்தில் ஒரு மென்பொருள் உட்கார்ந்தால் இவை அத்தனையும் நின்றுவிடும். அதற்கான மாதச் சந்தா வெளிநாட்டுக்குப் போகும். சந்தா கட்டும் நிறுவனம் அதற்கு ஜிஎஸ்டி செலுத்தும்; செலுத்தியதை, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து உள்ளீட்டு வரி வரவாகக் கழித்தும் கொள்ளும்.

மென்பொருளை விற்கும் நிறுவனத்தின் லாபத்துக்கு வரி போடலாமே என்பார்கள். லாபம் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அமெரிக்காவில். இணைய விளம்பரத்துக்காக வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகும் பணத்தின் மீது 2016-ல் 6 சதவீதம் சமன்படுத்தும் வரி போட்டோம். 2025 ஏப்ரல் 1 முதல் அதை நாமே விலக்கிக்கொண்டோம். அமெரிக்காவுடன் வணிகப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். விளம்பரத்துக்குப் போட்ட வரியையே காப்பாற்ற முடியவில்லை. மிஞ்சுவது நுகர்வு வரி. சம்பளமே இல்லாத ஊரில் அரசு ஒரு கையால் உதவித்தொகை கொடுத்து, மறு கையால் ஜிஎஸ்டியாக அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நான் காவிரிப் பாசனப் பகுதியில் பிறந்தவன். நெல் முற்றி நிற்கும்போது ஆட்கள் வயலில் இறங்க மறுத்தால் மிராசுதார் பேச வந்தே ஆக வேண்டும். ஒரு மழை பெய்தால் கதிர் சாய்ந்துவிடும். கீழத்தஞ்சையில் விவசாயிகள் சங்கம் வேரூன்றியதிலும், 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலும் அந்தப் பிடிக்குப் பங்குண்டு. நில உடைமையாளர்களை அது எவ்வளவு மிரள வைத்தது என்பதற்கு 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேர் சாட்சி. கூலி உயர்வு கேட்டதில் மூண்ட பகை அது.

பிறகு அறுவடை மிஷின் வந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஊரைவிட்டு விரட்டவில்லை. வேலைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நாள் முழுக்கக் குனிந்து அறுத்த முதுகுவலியை நான் பெருமையாகப் பாட வரவில்லை. அந்த அரிவாள் திரும்பி வர வேண்டாம். ஆனால் அரிவாளைக் கீழே வைக்கும்போது அதனுடன் இருந்த பேரம் பேசும் பலமும் கையைவிட்டுப் போனது. அதே மக்கள் பின்னால் நூறு நாள் வேலைக்கும் ரேஷன் அரிசிக்கும் அரசிடம் போனார்கள். அரசு கொடுத்தது. அவர்களிடம் ஓட்டு இருந்தது, அரசு நடக்க ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

நாளைக்கு அரசே அந்த மிராசுதாரின் இடத்தில் நின்றால்? கோப்பு எழுதக் குமாஸ்தா வேண்டாம், வரி கட்டச் சம்பளக்காரர் வேண்டாம், கூட்டத்தைக் கலைக்கக் காவலர்கூட வேண்டாம். தடியை ஓங்கிய காவலர் எதிரே நிற்பவர் தன் ஊர்க்காரர் என்று தெரிந்து ஒரு நொடி தயங்கலாம். இயந்திரத்துக்கு ஊர் கிடையாது. வேலைநிறுத்தம் என்றால் சிரிப்பார்கள். வாக்குச்சீட்டு மட்டும் மிச்சமிருக்கும். அதற்குப் பின்னால் வேறெந்தப் பலமும் இல்லாதபோது அது எத்தனை தேர்தல்களுக்குத் தாங்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

எல்லோருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்பவர்கள் அமெரிக்காவின் அலாஸ்காவைப் பார்க்க வேண்டும். எண்ணெய் வருவாயில் ஒரு பகுதியைச் சேர்த்துவைக்க 1976-ல் அந்த மாநிலம் தன் அரசமைப்பைத் திருத்தி ஒரு நிரந்தர நிதியை உருவாக்கியது. 1980-ல் மாநில வருமானவரியை ரத்து செய்தது. 1982-ல் குடிமக்களுக்குத் தலைக்கு 1,000 டாலர் முதல் பங்குத்தொகையாகக் கொடுத்தது. உலகமே வியந்த ஏற்பாடு. எண்ணெய் விலை சரிந்த பின், 2016-ல் ஆளுநர் தன் தடையதிகாரத்தால் அந்தத் தொகையை ஏறக்குறைய பாதியாக வெட்டினார். வழக்குப் போட்டார்கள். பங்குத்தொகை கிடைப்பது சட்டமன்றத்தின் ஆண்டு ஒதுக்கீட்டைப் பொறுத்தது என்று அடுத்த ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிதிக்கு அரசமைப்பின் காவல் இருந்தது. மக்கள் கைக்கு வரும் பணத்துக்கு அது இல்லை. நார்வேக்கும் எண்ணெய் நிதி உண்டு. அங்கே மக்கள் வருமானவரியை இன்னும் கட்டுகிறார்கள், கணக்கும் கேட்கிறார்கள்.

நம் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது அரசாணையில் இருக்கிறது. அரசாணையை இன்னோர் அரசாணை மாற்றிவிடும் என்பது அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கைச்செலவுக்கு இது போதும். ஒரு குடும்பத்தின் முழு வருமானமும் இப்படி வருவதென்றால் போதாது.

என் யோசனை இதுதான். செயற்கை நுண்ணறிவு ஓடும் தரவு மையங்களுக்கென்று 2021-லேயே கொள்கை வெளியிட்டு, மின்வரி உள்ளிட்ட சலுகைகளை நம் மாநிலம் அறிவித்திருக்கிறது. நிலமும் மின்சாரமும் தண்ணீரும் நம்முடையவை. சலுகை கொடுக்கும் இடத்தில் பங்கு கேட்கலாம். அதில் சேரும் நிதியில் ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள பாகத்தை எந்த ஆட்சியும் நினைத்த நேரத்தில் வெட்ட முடியாதபடி அரசமைப்பில் எழுத வேண்டும். அரசமைப்பைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை, மாநிலத்தால் ஆகாது. நம் உழைப்பு இன்னும் தேவைப்படும் இந்தக் காலத்தில் கேட்டால்தான் பேச்சுக்காவது உட்காருவார்கள்.

நம் நாடாளுமன்ற உறுப்பினர்களில் யாராவது ஒருவர் இதைத் தனிநபர் மசோதாவாக, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் தாமாகக் கொண்டுவரும் மசோதாவாக, கொண்டுவரட்டும். 1970-க்குப் பிறகு அப்படி ஒரு மசோதாவும் சட்டமானதில்லையே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. 2019-ல் அரசே தன் சார்பில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் குறைகள் ஆயிரம் என்பது வேறு விஷயம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவரி ஊழியர் ஒருவர்,
தஞ்சாவூர்.