ஆல்டர்னேட்டரை மாற்றுவதற்கு முன்னால்

அன்புள்ள கண்ணுவுக்கு,

உன் காரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போயிடுச்சு, மாற்றியே ஆகணும் என்று மெக்கானிக் சொன்னதாகப் போனில் சொன்னாய். மீட்டர் வைத்துப் பார்த்தாரா என்று கேட்டதற்கு உன்னிடம் பதில் இல்லை. பார்த்திருக்க மாட்டார். பானெட்டைத் திறந்ததும் தீர்ப்புச் சொல்கிறவரிடம் அவசரப்பட்டுப் பணத்தைக் கொடுக்காதே.

சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுத்ததும் எடுத்துக்கொண்டது. கேபிளைக் கழற்றிய பிறகும் ஆபீஸ் வரை ஓடியது, வழியில் பேட்டரி விளக்கும் எரியவில்லை. எனக்குப் பேட்டரி மேல்தான் சந்தேகம். ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்காமல் போனால் பெரும்பாலும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும், ஹெட்லைட் மங்கும், கொஞ்ச நேரத்தில் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு பேட்டரியும் வாங்கவேண்டாம். வோல்டேஜ் பார்க்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கு. மாப்பிள்ளை ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதே, நீயே பார்த்துவிடலாம். முதலில் பேட்டரியில் ஒயர் மாட்டும் டெர்மினலைப் பார். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மைனஸைக் கழற்றி, அப்புறம் பிளஸைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கலந்து தேய்த்துக் கழுவு. மாட்டும்போது மைனஸ் கடைசி. பல பேருக்கு வியாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, அதன் சிவப்பு ஒயரைப் பேட்டரி பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட்டுப் பார். ஓட்டி நிறுத்திய கையோடு பார்த்தால் கூடுதலாகக் காட்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பார். 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் காலி. செல்ஃப் அடிக்கும்போது யாரையாவது மீட்டரைப் பார்க்கச் சொல். முழு சார்ஜ் இருந்தும் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். ஹெட்லைட், ஏசி இரண்டையும் போட்டு லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் 13-க்கு மேல் தாங்கணும். 12 சொச்சத்திலேயே நின்று இறங்கிக்கொண்டே போனால் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரியைக் கொதிக்க வைத்தே கொன்றுவிடும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கலாம் என்று எவராவது சொன்னால் வண்டியைத் தொட விடாதே. அது அம்பாசிடர் காலத்துப் பழக்கம். இப்போதைய வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் குபீரென்று ஏறி வண்டியின் கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம். ஆல்டர்னேட்டரை விட அது பெரிய செலவு.

உன் பேட்டரிக்கு நாலு வருஷம் ஆகிறது, ஹைதராபாத் வெயிலுக்கு அதுவே அதிகம். வாரம் முழுக்க நிறுத்தி வைக்கிறாய், டேஷ்கேம் வேறு நிறுத்தியிருக்கும்போதும் ஓடுகிறது. செத்த பேட்டரியோடு புது ஆல்டர்னேட்டரைச் சேர்த்தால் அதுவும் ஓயாமல் சார்ஜ் கொடுத்துச் சூடேறிக் கெடும்.

காலையில் ஒன்று, செல்ஃப் அடிக்கும்போது ஒன்று, எஞ்சின் ஓடும்போது ஒன்று என மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை மெக்கானிக்கிடம், அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வை.

அன்புடன்,
அப்பா