ஆண்டறிக்கை 2025–26: மரக்கூழ் துணியும் வெட்டுத்துண்டும்

(பர்கூர் வட்டாரத் தறிக்காரர்கள், தையலகத்தார், ஜவுளிக்கடைக்காரர்கள் கூடிய ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவு, சந்தா, புதிய உறுப்பினர் விவரம் ஆகியவற்றைப் பொருளாளர் தனியே வைப்பார். சென்ற பொதுக்குழு சங்கத்திடம் ஒப்படைத்த இரண்டு வேலைகளைப் பற்றியது இந்த அறிக்கை. மரக்கூழிலிருந்து வரும் ரேயான், மோடல், லயோசெல் துணிகளைக் குறையில்லாமல் நெய்து தைத்து விற்பது ஒன்று. துணி வெட்டும்போது மிஞ்சும் வெட்டுத்துண்டைக் குப்பைமேட்டுக்கு விடாமல் மறுபடி இழையாகும் வழிக்கு அனுப்புவது மற்றொன்று.

இழை வரும் வழி

"இது காட்டனா, சிந்தெட்டிக்கா?" என்று வாடிக்கையாளர் கேட்டால் நம் கடைகளில் ஆளுக்கொரு பதில் வருகிறது. ரேயான் இரண்டும் இல்லை. பருத்தியில் உள்ள அதே செல்லுலோஸ்தான் அதிலும் இருக்கிறது. ஆனால் மரத்திலிருந்து பிரித்து, கரைத்து, மீண்டும் இழையாக்கியது.

ரேயான் செய்யும் விஸ்கோஸ் முறை 1892இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மரக்கூழ் அட்டையை ஏறக்குறைய 18 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, உதிர்த்து, சில மணி நேரம் ஆறவிடுவார்கள். பிறகு கார்பன் டை சல்பைடு சேர்த்து, நீர்த்த காஸ்டிக்கில் கரைத்தால் தேன் பதத்தில் ஒரு கரைசல் கிடைக்கும். அதை வடிகட்டி, நுண்துளைத் தகடு வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் தள்ளினால் இழையாகிறது. தொட்டியில் சோடியம் சல்பேட்டும் துத்தநாக சல்பேட்டும் இருக்கும். இந்த முறையில் ஆபத்தானது கார்பன் டை சல்பைடு. காற்றில் கசிந்தால் தொழிலாளியின் நரம்பைக் கெடுக்கும். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் ஆறு கெடும். சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை ஓடிய காலத்தில் பவானிக்கு நேர்ந்ததை நம் மாநிலம் கண்ணால் பார்த்திருக்கிறது.

லயோசெல் வேறு. அதில் என்.எம்.எம்.ஓ. என்ற கரைப்பானில் கூழ் நேரடியாகக் கரைகிறது. கரைப்பானில் 99 சதவீதத்துக்கும் மேல் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே "மரத்திலிருந்து வந்தது, இயற்கையானது" என்று மட்டும் சொல்லி விற்பது சரியில்லை. எந்தக் காட்டு மரம், எந்த முறையில் இழையாக்கியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் நூல் வியாபாரியிடம் பதில் வாங்க வேண்டும். முதல் கேள்விக்கு, காட்டைக் கெடுக்காமல் எடுத்த மரம் என்று காட்டும் எஃப்.எஸ்.சி. சான்று உதவும். பழமையான காடுகளின் மரம் துணிக்குப் போவதைத் தடுக்க 2013இல் தொடங்கிய கேனோபிஸ்டைல் முயற்சியின் தரவரிசையில் இழை ஆலைகளைப் பெயர் பெயராகப் பார்க்கலாம்.

"மூங்கில் துணி" என்று வரும் சரக்கும் பெரும்பாலும் மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ்தான். பில்லிலும் லேபிளிலும் "மூங்கில் விஸ்கோஸ்" என்றே எழுதுங்கள்.

தறியும் தையலும்

பயிற்சி வகுப்புகளில் அதிக நேரம் பிடித்தது ஈரத்தைப் பற்றிய பாடம். பருத்தி நனைந்தால் பலம் கூடும். விஸ்கோஸ் ரேயான் நனைந்தால் பலம் பாதியாகிவிடும். லயோசெல் நனைந்தாலும் பெருமளவு தாங்கும். தறியில் வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கஞ்சி ஏற்றும் சைசிங்கில் பாவு (நீளவாட்டு நூல்) ஈரமாக இருக்கும்போது இழுவை கூடினால் நூல் நீண்டு, நீட்சித்தன்மையை இழந்துவிடும். அப்போது அறுபடாது. தறியில் ஏறிய பிறகு அறுந்துகொண்டே இருக்கும், பழி நூல் மில்லின் மேல் விழும். பாவு ஓட்டுபவரிடம் "ரேயான், ஈரத்தில் இழுவை குறைவாக" என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். தறிக்கூடத்தில் காட்டனுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல் ரேயானுக்குத் தெளிக்கக் கூடாது. காட்டனுக்கு 75 முதல் 80 சதவீத ஈரப்பதம் நல்லது, ரேயானுக்கு 65ஐ ஒட்டி இருந்தால் போதும்.

நைட்டிக்கும் சுடிதாருக்கும் நாம் வாங்கும் "14 கிலோ ரேயான்" என்பது 100 மீட்டர் துணியின் எடை. 45 அங்குல அகலத்தில் 100 மீட்டர் என்றால் 114 சதுர மீட்டர். அப்படியானால் சதுர மீட்டருக்கு சுமார் 122 கிராம் வர வேண்டும். இனி வரும் ஒவ்வொரு லாட்டிலும் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி எடை போடுங்கள், 1.2 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். வெட்டும்போது ஓரம் கோணினாலே கணக்கு தப்பும், அதனால் மூன்று இடத்தில் வெட்டிச் சராசரி எடுங்கள். கஞ்சி ஏற்றிய துணி கூடுதல் எடை காட்டும். ஒரு துண்டை அலசிக் காயவைத்து மறுபடி நிறுத்தால் உண்மை தெரியும்.

சுருக்கம் அடுத்த தலைவலி. சாயப்பட்டறையில் இழுத்துக் காயவைத்த ரேயான், வீட்டில் முதல் அலசலிலேயே சுருங்கும். வெட்டுவதற்கு முன் அரை மீட்டர் சதுரம் குறித்து, அலசி, தொங்கவிடாமல் பரப்பிக் காயவைத்து அளந்து பாருங்கள். சுருக்கம் 5 சதவீதத்தைத் தாண்டினால் துணியைத் திருப்பி அனுப்புங்கள், அல்லது வெட்டுக்கு முன்பே நனைத்து எடுங்கள். ரோலைப் பிரித்த உடனே அடுக்கி வெட்ட வேண்டாம். ஓர் இரவு தளரவிட்டால் நெஞ்சு அளவு, இடுப்பு அளவு மாறாது. காட்டன் தையலுக்குப் போடும் தடித்த ஊசி ரேயானில் ஓட்டை விடும், 11ஆம் எண் ஊசி போதும்.

ரேயானும் காட்டனும் கலந்த துணியை ரியாக்டிவ் சாயத்தில் முக்கினால் ரேயான் ஆழமாகப் பிடித்து இரு நிறம் காட்டும். லயோசெல்லில் ஈரத்தில் உரசல் பட்ட இடத்தில் மெல்லிய இழைப்பிசிறு எழும்பி நிறம் வெளுத்ததுபோல் தெரியும். சாயம் போனதாக எண்ணி மறுபடி சாயமிடுவது வீண்செலவு. என்சைம் கொடுத்து அந்தப் பிசிறை நீக்க வேண்டும்.

வெட்டுத்துண்டு

வெட்டுத்துண்டின் விலை வெட்டு மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே கலந்துவிட்டால் பிறகு யாராலும் லாபகரமாகப் பிரிக்க முடியாது. இதைத்தான் சங்கம் ஒவ்வொரு தையலகத்திலும் வற்புறுத்தி வருகிறது.

துண்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பல்லுருளையில் கிழித்துப் பஞ்சாக்கி குட்டை இழையையும் நூலாக்கும் ஓப்பன் எண்ட் மில்லில் நூற்பது. கிழிக்கும்போது இழை குட்டையாவதால் பெரும்பாலும் 6 முதல் 20 கவுண்ட் வரையான (கவுண்ட் குறைந்தால் நூல் தடிக்கும்) தடித்த நூல்தான் வரும். அது போர்வைக்கும் கால்மிதிக்கும் கையுறைக்கும் போகும். திருப்பூர் கட்டிங் வேஸ்ட் பல காலமாக இப்படித்தான் நூலாகிறது. இரண்டாவது, துணியைக் கரைத்து மரக்கூழோடு சேர்த்துப் புது இழையாக்குவது. 2017இல் லென்சிங் நிறுவனம் பருத்தி வெட்டுத்துண்டைச் சேர்த்து லயோசெல் இழையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்வீடனில் சுண்ட்ஸ்வால் நகரில் ரீநியூசெல் நிறுவனம் 2022இல் பெரிய ஆலையைத் திறந்தது. 2024 பிப்ரவரியில் அது திவாலாகி, பின்னர் கைமாறியது. துணியைக் கூழாக்க முடியும் என்று அந்த ஆலை காட்டிவிட்டது. போதிய ஆர்டர் நேரத்துக்கு வராததுதான் அதைச் சாய்த்தது. வாங்குவோர் உறுதியானால்தான் இந்த வழி நிலைக்கும் என்பது செயற்குழுவின் கருத்து.

கரைக்கும் ஆலைக்குத் தேவை தூய பருத்தி. பருத்தியின் செல்லுலோஸ் மூலக்கூறுச் சங்கிலி நீளமானது, வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ரேயானில் சங்கிலி ஏற்கெனவே குட்டையாகிவிட்டது. அதை மறுபடி கரைத்தால் வலுவான இழை வராது. அதனால் ரேயான் துண்டைக் காட்டன் மூட்டையில் போடவே கூடாது.

இரண்டையும் பிரித்தறிய எரித்துப் பார்ப்பது பயன்படாது. இரண்டும் காகித வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். ஒரு நூலை உருவி, நடுவில் மட்டும் நனைத்து இரு கையால் இழுங்கள். ரேயான் நனைந்த இடத்திலேயே அறும். காட்டன் காய்ந்த இடத்தில் அறும். எரிக்கும் சோதனை பாலியஸ்டரைக் கண்டுபிடிக்க உதவும். சாம்பலில் கெட்டியான கறுப்பு மணி உருண்டால் கலப்புத் துணி. பெரிய லாட்டில் சந்தேகம் இருந்தால் கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவுக்கு மாதிரி அனுப்பிக் கலவை விகிதம் வாங்கிக்கொள்ளலாம்.

தைத்துக் கழித்த உடுப்பைத் தூய பருத்தி என்று நம்பாதீர்கள். துணி நூறு சதவீதம் காட்டனாக இருந்தாலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். அது கரையாது. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே உள்ள, இழை வெளிவரும் துளைகளையும் வடிகட்டியையும் அடைத்துவிடும். லைக்ரா கலந்த பட்டை, பிக்மெண்ட் பிரிண்ட் பசை ஆகியவையும் அப்படியே. ஊக்கு, ஸ்டேப்லர் பின், இரும்புத்தூள் லயோசெல் கரைசலில் சேர்ந்தால் கரைப்பான் சிதைந்து சூடேறும். இது விபத்தில் முடியக்கூடியது. அடர்நிறச் சாயத்தை நீக்கக் கடுமையான வேதிப்பொருள் தேவை, அதில் சங்கிலியும் அறும். ஆகவே வெள்ளை, வெளிர்நிறம், அடர்நிறம் என்று காட்டனைத் தனித்தனியாக வையுங்கள். ரேயானுக்கு ஒரு மூட்டை, கலப்புக்கு இன்னொரு மூட்டை.

மூட்டை கட்டப் பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம். அதன் இழை உதிர்ந்து பருத்தியோடு ஒட்டிக்கொள்ளும், கரையாது, சாயமும் ஏறாது. பழைய காட்டன் துணியில் கட்டுங்கள். மழைக்காலத்தில் தரையில் வைத்த மூட்டையில் பூஞ்சணம் பிடித்தால் பூஞ்சணமே செல்லுலோஸைத் தின்றுவிடும். மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும்.

மரம் வளர்ப்பு

தைலமரமும் சவுக்கும் நட்டால் துணிக்கூழுக்கு விற்கலாமா என்று விவசாய உறுப்பினர்கள் கேட்டிருந்தனர். பள்ளிபாளையத்திலும் கரூரிலும் உள்ள ஆலைகள் வாங்குவது காகிதத்துக்கு. துணிக்கூழில் மரத்திலுள்ள பிசினான லிக்னினோடு, செல்லுலோஸைச் சூழ்ந்த ஹெமிசெல்லுலோஸையும் நீக்குவதால், காய்ந்த மரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் கூழ் கிடைக்கும். கர்நாடகத்தின் ஹரிஹரில் அப்படிப்பட்ட ஆலை இருக்கிறது, ஆனால் வண்டி வாடகையே கட்டுப்படியாகாது. இதை நம்பி மாந்தோப்பை அழிக்க வேண்டாம்.

வரி

2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழை நூலுக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமானது. ரேயான் நூலும் இதில் அடங்கும். துணிக்கும் 5 சதவீதமே என்பதால், நூலில் கட்டிய கூடுதல் வரி முடங்கிக் கிடக்கும் தொல்லை நம் தறிக்காரர்களுக்குப் பெருமளவு குறைந்தது.

தீர்மானங்கள்

வெட்டுத்துண்டைச் சங்கத்தின் பொதுக் கிடங்கில் வகை பிரித்துச் சேர்த்து, ஓப்பன் எண்ட் மில்களிடம் மொத்தமாக விலை பேசுவது. மூட்டைதோறும் துணி வகை, நிறம், வெட்டிய தையலகம் ஆகியவற்றை எழுதிய சீட்டைக் கட்டுவது. சீட்டில்லாத மூட்டையைக் கிடங்கில் ஏற்காமலிருப்பது. இவற்றைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்