சத்தி ரோட்டில் நிற்கும் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் காப்பி வண்டியும் நலமா?

ஒன்றாம் தேதி காலையில் 5,000 ரூபாய் வந்து சேர்ந்தது. போன் டிங் என்றது, எடுத்துப் பார்த்தால் உன் பேர். போன மாதமும் அப்படித்தான். அம்மாவுக்கு நீ அனுப்பும் "சாப்ட்டேன்", "தூங்கப் போறேன்" எல்லாம் அவள் எனக்குப் படித்துக் காட்டுகிறாள். எனக்குப் பணம் மட்டும் வருகிறது. சரி, நாலு மணிக்கு எழுந்து பால் காய்ச்சுகிறவளுக்குப் பேச எங்கே நேரம். குறையாகச் சொல்லவில்லை.

போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்த இன்லண்டு லெட்டர். போஸ்ட் ஆபீஸில் கேட்டதும் அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்று போதாது என்று இரண்டாக வாங்கி வந்தேன்.

ஊர்ச் செய்தி அதிகம் இல்லை. சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள். மணியக்காரர் வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, நீ நினைத்தபடியேதான். அமராவதியில் தண்ணீர் போகிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நீ முன்னால் சொன்னதை வைத்துத்தான் போடுகிறேன். நாளுக்கு 20 லிட்டர் பால், 180 காப்பி. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் வாங்குகிறாய், 6 சதவீதக் கொழுப்பு, அதில் தப்பில்லை, காப்பிக்கு அந்தப் பால்தான். ஒரு டம்ளருக்குப் பால் 7 ரூபாய் ஆகிவிடும். தூள் கிலோ 700 என்றாய், கிலோவுக்கு 100 காப்பி என்றால் அது ஒரு 7. சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து 16 ரூபாயைத் தொடுகிறது. நீ 20-க்குக் கொடுக்கிறாய். கையில் நிற்பது 4 ரூபாய். 180 காப்பிக்கு 720. காலையில் கூட நிற்கும் பையனுக்கு 300 போனால் 420. மாதம் 26 நாள் என்றால் 10,920. வண்டித் தவணை 9,000. மிச்சம் 1,920.

அதில் எனக்கு 5,000 எங்கிருந்து வருகிறது அம்மிணி? நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், கணக்கு உதைக்கிறது. கம்பெனியில் வந்த பி.எஃப். பணத்தை எடுத்து அனுப்புகிறாயா? கழுத்தில் கிடந்தது கிடக்கிறதா? அம்மாவைக் கேட்கச் சொன்னேன். "நீங்களே கேளுங்க" என்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், காப்பியில் காசு இல்லை. காப்பிக்குக் கூட்டம் வரும், காசு கடிக்கிறதில்தான். கோயம்புத்தூர் பேக்கரிக்காரன் டீயை வைத்துக்கொண்டு தேங்காய் பன்னையும் பப்ஸையும் தள்ளுவது அதற்குத்தான். நீ காப்பி மட்டும்தான் போடுவேன், வேறு எதுவும் வைத்தால் வாசம் கெட்டுப்போகும் என்கிறாய். எனக்குப் புரிகிறது. நானும் அப்படிப் பேசியவன்தான். ஆனால் கச்சாயம் வைத்தால் எந்த வாசமும் கெடாது. அம்மா சுட்டுத் தருவாள். சாயங்காலம் கம்பெனி விட்டு வரும் பிள்ளைகள் பசியோடு வருவார்கள். அப்புறம், தூள் விலை இந்த ரெண்டு வருஷமாக ஏறியது உனக்கே தெரியும். பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்தால் சரவணம்பட்டியில் 20 ரூபாய்க்குக் காப்பி கட்டாது. 25 வை. வருகிறவர்கள் வருவார்கள்.

கடன் சொல்பவனுக்குக் கொடுக்காதே. செக்யூரிட்டிக்காரருக்கு மட்டும் கொடு, அவர் கடன் சொல்ல மாட்டார்.

வீட்டுச் சிவப்பு சிலிண்டரை எந்த அவசரத்துக்கும் வண்டியில் ஏற்றாதே. 19 கிலோ நீலச் சிலிண்டர் விலை கூடத்தான், என்ன செய்வது. வண்டி நகரும்போது ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டு. குட்டி யானைக்கு மேல் கூண்டு கட்டியதை ஆர்.சி.யில் ஏற்றியாயிற்றா? வண்டியின் உருவத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ.விடம் சொல்லியாக வேண்டும், நாளைக்கு ஒன்று என்றால் இன்சூரன்ஸ்காரன் முதலில் அங்கேதான் விரலை வைப்பான். உணவுப் பாதுகாப்புப் பதிவை வண்டிக்கு வெளியே கண்ணில் படும்படி ஒட்டு. மாநகராட்சியில் தெருவோர வியாபாரி அட்டைக்கு எழுதிப் போடு. 2014-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. அட்டை கையில் இருந்தால், "எடு வண்டியை" என்று வருகிறவனிடம் நின்று பேசலாம்.

எவர்சில்வர் டம்ளர் வாங்கினாய் பார், அது எனக்குச் சந்தோஷம். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பை 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடுத்திருக்கிறார்கள், இன்றும் ஊரெல்லாம் அதுதான் ஓடுகிறது. அதில் ஊற்றினால் காப்பி பேப்பரைத்தான் மணக்கும். ஆனால் டம்ளர் என்றால் கழுவ வேண்டும். இரண்டு பக்கெட் போதாது, மூன்று வை. மூன்றாவதில் கொதிக்கும் தண்ணீர். டம்ளரைச் சூடாக எடுத்து ஊற்றினால் காப்பி கடைசி மடக்கு வரை ஆறாது. லாரித் தண்ணீரில் டிகாஷன் போடாதே. சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு யாராவது தோழி வீடு இருந்தால் இரண்டு கேன் பிடித்து வை. அந்தத் தண்ணீருக்குக் காப்பி தானாக அமையும்.

பாலைத் திரும்பத் திரும்பக் கொதிக்க விடாதே. இரண்டு லிட்டர் இரண்டு லிட்டராகக் காய்ச்சு. டிகாஷனை அடுப்பில் நேராக வைக்காதே. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததைத்தானே சொல்ல முடிகிறது.

கால் எப்படி இருக்கிறது? வண்டிக்குள் உட்கார ஒரு ஸ்டூல் போட்டுக்கொள். என் இடது கெண்டைக்காலை நீ பார்த்திருக்கிறாய். சின்ன வயதில் அந்த நரம்பை விரலால் தடவி "அப்பா, இது என்ன ரோடு?" என்று கேட்பாய். 1988-லிருந்து 2019 வரை, 31 வருஷம் பாய்லர் முன்னால் நின்ற ரோடு அது. சரக்கு மாஸ்டருக்குக்கூட உட்கார ஒரு திண்டு இருந்தது, காப்பி மாஸ்டருக்கு இல்லை. உட்கார்ந்தால் முதலாளி பார்ப்பார், முதலாளி பார்க்காவிட்டால் கஸ்டமர் பார்ப்பார். 2021-இல், கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேப்பரில் படித்துவிட்டு அம்மாவிடம் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தைலத்தை எடுத்து வந்தாள். உனக்கு நீதான் முதலாளி, ஒரு ஸ்டூல் போட யாரைக் கேட்க வேண்டும்?

இன்னொன்று. காலை 5 முதல் 11, சாயங்காலம் 3 முதல் 8 வரை ரோட்டில் நிற்கிறாய். பாத்ரூம் எங்கே போகிறாய் என்று கேட்க இத்தனை நாள் எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறாயோ என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. தண்ணீர் குடி. ஸ்டூல் போட்டுக்கொள்.

உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தது எதற்கென்று உனக்குத் தெரியும். நம் வீட்டில் இனி யாரும் பாய்லர் முன்னால் நிற்கக் கூடாது என்றுதான். முதல் சம்பளத்தில் நீ எனக்கு வாங்கித் தந்த கைக்கடிகாரத்தை ஓட்டலில் எல்லோருக்கும் காட்டினேன், கேட்காதவர்களுக்கும் காட்டினேன். ஆறு வருஷம் கழித்து வந்து, "வேலையை விட்டுட்டேன்ப்பா, காப்பி வண்டி போடப் போறேன்" என்றாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை கழுவிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்கு உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சிக்கரி கதை உனக்குத் தெரியும். பாக்கெட்டில் ஒன்று எழுதி உள்ளே ஒன்று போடு என்று முதலாளி சொன்ன அன்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தூளில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 51 பங்காவது காப்பி இருக்க வேண்டும் என்பது சட்டம், அதற்குக் கீழே என் கையால் கலக்க மாட்டேன் என்றேன். மூன்றாம் நாள் அவரே ஆள் அனுப்பினார். காப்பி விஷயத்தில் அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினாய். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

அம்மிணி, உன் காப்பி விஷயத்தில் நான் இரண்டு பொய் சொன்னேன்.

வண்டிக்குப் பூஜை போட்ட அன்று முதல் டம்ளரை என் கையில் கொடுத்தாய். நீ மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். "டிகாஷன் கொஞ்சம் லேசு" என்றேன். லேசு இல்லை. சரியாக இருந்தது. நுரைக்குக் கீழே அந்தப் பழுப்பு நிறம், முதல் வாயில் கசப்பும் பின்னால் பாலின் இனிப்பும், என் கையில் அது அமைய எட்டு வருஷம் ஆனது. உனக்கு எட்டு மாதத்தில் அமைந்திருக்கிறது. அதை உன்னிடம் சொல்லிவிட்டால் நீ திரும்ப வேலைக்குப் போக மாட்டாய் என்று நினைத்தேன்.

இரண்டாவது எது என்று உனக்குத் தெரியும். தெரியாதோ என்று ஒரு மாதமாக என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் அன்னூர்க் கல்யாணத்துக்குப் போனோம். காரில் ஈரோட்டு மாமா, பொள்ளாச்சிப் பெரியம்மா, முன் சீட்டில் நான். அவர்களுக்கெல்லாம் நீ இன்னும் கம்பெனியில் இருக்கிறாய். லீவு கிடைக்கவில்லை என்று நான்தான் சொல்லியிருந்தேன். சரவணம்பட்டி தாண்டும்போது மாமா, "மச்சான், அங்கொரு வேன் நிக்குது, ஒரு காப்பி குடிச்சுப்போட்டுப் போலாமுங்களா" என்றார். டிரைவர் ஓரம் கட்டி மெதுவாக்கிவிட்டான். என் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது. நீ முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றிக்கொண்டிருந்தாய். அந்த நீலச் சுடிதார். "ரோட்டு வண்டிக் காப்பி வேண்டாமுங்க, பால் எப்பக் காய்ச்சுனதோ, வயித்துக்கு ஆகாது" என்றேன். சத்தமாகவே சொன்னேன், மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆற்றின கை நின்றது. நீ திரும்புவதற்குள் நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

அன்று ராத்திரியிலிருந்துதான் நீ எனக்குப் போன் செய்யவில்லை.

பால் எப்போது காய்ச்சியது என்று எனக்குத் தெரியும். நீ ஊற்றும் ஒவ்வொரு டம்ளர் பாலும் எப்போது காய்ச்சியது என்று தெரியும், நான் சொல்லிக் கொடுத்ததுதானே. முதலாளி சொல்லியும் சொல்லாத பொய்யை, யாரும் கேட்காமலே என் வாய் சொன்னது.

இன்று காலையில் மாமாவுக்குப் போன் செய்தேன். அன்று பார்த்த வண்டி யாருடையது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம், "அப்ப எதுக்குங்க மச்சான் வேண்டாம்னீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, பல்லடம் வழியாக சிங்காநல்லூர் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வருகிறேன். எட்டு மணி ஆகும், அப்போது கூட்டமாக இருக்கும். கூட்டத்தில் நிற்கிறேன், எனக்கென்று முதலில் போடாதே. 20 ரூபாய்க்கு இரண்டு பத்து ரூபாய்க் காசாக எடுத்து வைத்திருக்கிறேன். சர்க்கரை வேண்டாம், போன மாத டெஸ்டில் கூடியிருக்கிறது. டிகாஷனைக் குறைக்காதே.

இப்படிக்கு
அப்பா

அம்மாயி மோர் கடையும்போது உட்காருவாரே, அந்தப் பலா மர ஸ்டூலைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். ஒன்றரை அடி உயரம். பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் போடுவார், போகட்டும். வண்டிக்குள் அதை வைக்க இடம் இருக்கிறதா என்று மட்டும், அம்மாவுக்காவது அனுப்பு.