எங்கள் சதுக்கம் எட்டு மணிக்கு உறங்கியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பெங்களூரின் இரவுகளைப் பற்றிய கட்டுரை படித்தேன். 1980களில் பப்கள் வரும்வரை இந்த ஊர் எட்டு மணிக்கே படுத்துவிடுமாம். எங்கள் சிவாஜிநகர் ரசல் மார்க்கெட் சதுக்கத்தை ஒரு ராத்திரியாவது பார்த்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

என் அம்மா அந்த மார்க்கெட் வாசலில் பூ விற்றவர். ஊர் அடங்கிய பிறகுதான் அங்கே காய்கறி லாரிகள் வந்து நிற்கும். மூட்டை இறக்குகிற சத்தம், டீக்கடை வெளிச்சம், கூடைக்கு நடக்கும் பேரம். விடியுமுன் அம்மாவோடு நானும் போவேன், பயந்ததே கிடையாது. நோன்பு மாதம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இரவுத் தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வரும். சமோசா, சீக் கபாப், ஹலீம் என்று சஹர் என்கிற விடியுமுன் சாப்பாட்டு நேரம்வரை அடுப்பு அணையாது. சதுக்கத்துப் புனித மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் 8 மாதா திருவிழாவில் தேர் பார்க்க எல்லா மதத்தாரும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்பார்கள். இதெல்லாம் இரவு வாழ்க்கை இல்லையா, ஐயா? கையில் கோப்பை இருந்தால்தான் கணக்கா?

1809இல் பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட் அமைந்தபோது ராணுவத்தோடும் அதை நம்பியும் வந்த தமிழர்கள் பலர் இந்தப் பக்கத்தில்தான் குடியேறினார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மாதா கோயில் கட்டி முடிந்தது 1882இல். மார்க்கெட் கட்டடம் 1927இல் எழும்பியது. 1949 வரை கன்டோன்மென்ட்டுக்கு நகராட்சியே தனி. இவ்வளவுக்கும் பிறகு, அதே கட்டுரை எங்களைப் 'பிழைக்க வந்தவர்கள்' என்று ஒரு வரியில் முடிக்கிறது. எத்தனை தலைமுறை இருந்தால் ஊர்க்காரர் ஆவோம்?

2012 பிப்ரவரியில் மார்க்கெட் தீப்பிடித்தபோது பெரிய படம் போட்டீர்கள். கடைக்காரர்கள் கரியைக் கூட்டிவிட்டு மறுபடி எழுந்து நின்ற கதைக்கு இடம் கிடைக்கவில்லை. சாலையைத் தோண்டிப்போட்டுப் புழுதியில் வியாபாரம் படுத்ததைப் பற்றி நான் எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. இப்போது பப்புக்கு ஒரு மணிவரை அனுமதி. தள்ளுவண்டிக்காரரை அதற்கு வெகு முன்பே விரட்டுகிறார்கள். அவர்களும் ராத்திரியில்தான் சம்பாதிக்க வேண்டும்.

மறுப்பு வெளியிடச் சொல்லவில்லை. ஆகஸ்ட் 29இல் மாதா திருவிழாவுக்குக் கொடியேறும். அதற்கு முன்பாக, தமிழ்த் திருப்பலி நேரங்களையும் தேர் வரும் தெருக்களையும் ஏதாவது ஒரு மூலையில் போடுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் எங்களிடம்தான் கேட்டு அலைகிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
சிவாஜிநகர், பெங்களூரு