ஜனவரியில் வரும் மகளுக்கு, பொள்ளாச்சியிலிருந்து

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கம்மாவுக்கு முட்டி வலி இப்போது கொஞ்சம் தேவலை. பேரன் பேத்தி வரப்போகிறார்கள் என்றதும் அவளுக்கு வலியே மறந்துவிட்டது.

மாப்பிள்ளை போட்டு அனுப்பிய பயணத் திட்டத்தைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் பெரிய எழுத்தில் அச்செடுத்துப் படித்தேன். வேடந்தாங்கல், முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, மூணாறு, தேக்கடி. எல்லாம் பத்து நாளில். "பிள்ளைகளுக்கு எப்படியாவது புலி காட்டணும்பா" என்று நீ கடைசியில் எழுதியிருந்தாய். இதில் பாதிக்கு மேல் எடுத்துவிடு கண்ணு. போனில் சொன்னால் "சரிப்பா, பாக்கலாம்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேப்பில் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. மலைக்கணக்கு வேறு. ஆறு காட்டைப் பத்து நாளில் பார்க்கக் கிளம்பினால் பிள்ளைகள் பார்க்கப்போவது காரின் பின் சீட்டைத்தான். டிரைவர் நேரத்தைப் பிடிக்க ஓட்டுவார். காட்டு ரோட்டில் நேரத்தைப் பிடிக்க ஓட்டுகிற வண்டியில்தான் மானும் குரங்கும் அடிபட்டுச் சாகின்றன. வேலையில் இருந்த காலம் பூராவும் மலை ரூட்டிலேயே பஸ் ஓட்டியவன் நான். எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் காட்டைப் பற்றிச் சொல்ல இல்லை.

புலி ஆசை தப்பில்லை. ஆனால் 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க இருந்த புலி 306. கர்நாடகத்தில் 563. அங்கே நாகரஹொளேயில் கபினிப் பக்கம் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம் என்பார்கள், அங்கேயும் ஒரு புலி தெரிந்தால் அதைச் சுற்றி ஜீப்பு ஜீப்பாக நிற்கும். ஒரு வால் நுனியைப் பார்ப்பதற்காகப் பிள்ளைகளை நான்கு நாள் ரோட்டில் வைத்து வதைக்க வேண்டாம். புலியை மனதில் வைத்துக்கொண்டே போனால் மற்ற எதையும் கண் பார்க்காது.

நம் ஆனைமலையிலேயே இருங்கள். வால்பாறையில் மூன்று இரவு, டாப்ஸ்லிப் பரம்பிக்குளத்தில் இரண்டு இரவு. மீதி நாள் நம் வீட்டில். உங்கம்மாவும் அதைத்தான் கேட்கிறாள்.

காலை ஆறரைக்குள் ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டிவிட வேண்டும். பைகளைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் வந்த இ-பாஸ் இப்போது வால்பாறைக்கும் உண்டு. அதை நான் இங்கேயே ஆள் வைத்து எடுத்துவிடுகிறேன். அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. சின்னவளுக்கு வாந்தி வரும் என்றாயே, காலையில் இட்லியோடு நிறுத்து, பால் கொடுக்காதே. முன் சீட்டில் உட்காரவைத்து ரோட்டைப் பார்க்கச் சொல். செல்போனைக் கையில் கொடுத்தால் மூன்றாவது வளைவிலேயே வண்டியை நிறுத்த வேண்டிவரும்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும், எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் திரும்பி மேல் பக்கத்துப் பாறையைப் பாருங்கள். வரையாடு நிற்கும். முதலில் பாறையின் நிறத்திலிருந்து பிரித்துத் தெரியாது. ஒரு காது அசையும், அப்புறம்தான் பக்கத்தில் இன்னும் நான்கு இருப்பது தெரியும். கிடா வயதாகிவிட்டால் முதுகில் வெள்ளி பூசினமாதிரி ஒரு பட்டை விழும். குட்டி கூட, கால் வைக்க இடமே இல்லாத சரிவில் குளம்பை ஊன்றி நின்று நம்மை நிதானமாகப் பார்க்கும். சில நேரம் ரோட்டோரக் கைப்பிடிச் சுவரிலேயே வந்து நிற்கும். அப்படி நின்றால் யாரும் கதவைத் திறக்க வேண்டாம், பிஸ்கட்டும் நீட்ட வேண்டாம். அது நம்மிடம் பழகிவிட்டால் ரோட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். ரோட்டுக்கு வந்தால் சாகும்.

நம் மாநில விலங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லு. 2024-இல் தமிழ்நாடு முழுக்க எண்ணியபோது 1,031 இருந்தன. நீலகிரியில் வக்கீலாக இருந்த ஈ.ஆர்.சி. டேவிதார் என்பவர் 1975-லேயே மலை மலையாக நடந்து இவற்றை எண்ணியிருக்கிறார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7-ஐ இப்போது அரசாங்கம் வரையாடு தினமாக வைத்திருக்கிறது. நம்மூர் ஆள் ஒருத்தர் செய்த வேலை என்பதைப் பெரியவனுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அட்டகட்டி தாண்டியதும் குளிர் ஏறும். வால்பாறை டவுனுக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். அங்கே வண்டி இருபதுக்கு மேல் போகவே கூடாது. டிரைவரிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடு. சிங்கவால் குரங்கு இருக்கிற இடம் அது. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறு எங்கும் கிடையாது. உடம்பு கரிக்கறுப்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் ஒரு சிறு குஞ்சம். இயல்பாக அது மரத்தை விட்டு இறங்காத பிராணி. வெடிப்பலா, பலா, அத்தி என்று உச்சியிலேயே தின்று உச்சியிலேயே தூங்கும். நாம் காட்டை வெட்டித் தேயிலை வைத்து, நடுவில் ரோடும் போட்டோம். மரத்துக்கு மரம் தாவ இடம் இல்லாமல் போனதால் தார் ரோட்டில் இறங்கி நடக்கிறது. அங்கே ரோட்டுக்கு மேலே இரண்டு பக்க மரங்களையும் சேர்த்துக் கட்டிய பாலங்கள் தொங்கும், கட்டாயம் நிமிர்ந்து பாருங்கள். குரங்குக் கூட்டம் கடக்கும்போது வண்டியை மெதுவாகப் போகச் சொல்லிக் கை காட்ட அந்த ஊர் ஆட்களே நிற்பார்கள். அவர்களுக்காக நின்று, முடிந்தால் இறங்கி ஒரு வார்த்தை பேசுங்கள். அந்தக் குரங்குகளைப் பற்றி அவர்கள் அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு.

பாலக்காட்டுப் பக்கம் அமைதிப் பள்ளத்தாக்கு இருக்கிறதே, அங்கே அணை கட்டப் போனபோது ஊரே திரண்டு எதிர்த்தது இந்தக் குரங்கின் பெயரையும் சொல்லித்தான். அணை நின்றது. 1984-இல் அது தேசியப் பூங்காவானது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைக் குரங்கைக் காட்டும்போதே சொல்லிவிடு, வீட்டுக்கு வந்து சொன்னால் ஏறாது.

வால்பாறை மேட்டு நிலம் 220 சதுர கிலோமீட்டர் இருக்கும். தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு, சுற்றிலும் பெரிய காடு. யானைகளுக்கு இது காலகாலமான வழி. அங்கே அடிபட்டுச் செத்தவர்களில் பலர், யானை இருப்பது தெரியாமல் இருட்டில் நேரே போய் மாட்டியவர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி எஸ்டேட் லைன் வீட்டுக்கு நடந்து போகிறவர்கள்தானே எல்லாம். கடைசி டிரிப்பில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். இப்போது முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யானை இருந்தால் அது மின்னும், போனுக்கும் செய்தி வரும். காட்டுயிர் ஆராய்ச்சி செய்கிற இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்களும் வனத்துறையும் எஸ்டேட் ஆட்களும் சேர்ந்து செய்த ஏற்பாடு. அதை வடிவமைத்த ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. நீங்கள் தங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் அன்றைக்கு வெளியே போகிற பேச்சே இருக்கக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு பிள்ளைகளைத் தேயிலைக்குப் பக்கத்தில் விளையாட விடாதே, சிறுத்தை இருக்கிற ஊர். இதில் மட்டும் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்க வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காட்டுமாடு தேயிலைக்குள் மேயும். வண்டிக்குள் இருந்தே பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே வெள்ளை, மேலே பூராவும் கறுப்பு, கிடேரி என்றால் கொஞ்சம் பழுப்பு. காளை ஆயிரம் கிலோ வரை வரும்.

இருவாச்சிப் பறவை பார்க்க ஜனவரி நல்ல மாதம். கூடு கட்டத் தொடங்கும் நேரம். பெட்டை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வாசலை அடைத்து, அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டுவைக்கும். குஞ்சு தேறும்வரை சேவல்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அது பறந்து வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது பிடித்துவிடும், பஸ்ஸில் ஏர் பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கிற சத்தம் மரத்துக்கு மேலே கேட்கும். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக வாழச்சால் இறங்கினால் இன்னும் நிறையப் பார்க்கலாம். அங்கே காடர் பழங்குடி ஜனங்கள் வனத்துறையோடு சேர்ந்து இருவாச்சிக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். ஆனால் அந்த ரோட்டில் இருட்டினால் கேட்டை அடைத்துவிடுவார்கள். மதியத்துக்குள் புறப்பட முடிந்தால் போங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். கூடு இருக்கிற மரத்தடியில் போய் நிற்கிற ஆசையும் வேண்டாம். ஆள் நின்றால் சேவல் இரையோடு கிட்டே வராது.

அடுத்தது டாப்ஸ்லிப். வெள்ளைக்காரன் தேக்கு வெட்டி மலை மேலிருந்து கட்டைகளைச் சறுக்கிவிட்ட இடம். வெட்டித் தீர்த்த காட்டைத் திரும்ப வளர்த்தவனும் ஒரு வெள்ளைக்காரன்தான். ஹியூகோ வுட். கைத்தடியால் மண்ணைக் குத்தி, பையில் இருக்கிற தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். 1933-இல் இறந்தார். அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே சமாதி இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயம் அங்கே கூட்டிப்போ. அங்கிருந்து பரம்பிக்குளம் கேரளம், ஆனால் சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று நம் பக்கமாகத்தான் ரோடு. சொந்த வண்டியில் சுற்ற விடமாட்டார்கள், வனத்துறை வேனில்தான் போக வேண்டும். நல்ல ஏற்பாடு. கன்னிமாரா தேக்கைக் காட்டுவார்கள். ஐந்து பேராவது கை கோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும். வெட்டப் போனபோது ரத்தம் வந்ததாகவும் அதனால் விட்டுவிட்டதாகவும் அங்கே இருக்கிற ஜனங்கள் சொல்வார்கள். சின்னவள் அதைக் கேட்டால் நூறு கேள்வி கேட்பாள், பதில் சொல்ல மாப்பிள்ளை தயாராக இருக்கட்டும்.

வேடந்தாங்கலை மட்டும் உன் திட்டத்தில் அப்படியே வை. சென்னையில் இறங்கி வருகிற வழிதான், ஜனவரியில் ஏரி நிறையக் கூழைக்கடாவும் நாரையும் இருக்கும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். விடிகாலையில் ஒரு மணி நேரம் போதும்.

முதுமலைப் பக்கம் மசினகுடியில் ரூம் போட வேண்டாம். யானை போகிற வழியில் கட்டியது எது, இல்லாதது எது என்று உனக்கு அங்கிருந்து தெரியாது. அந்த யானை வழித்தடத்தை அரசாங்கம் அறிவித்தது சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்புச் சொன்னது. அதற்குச் சில மாதம் கழித்து, 2021 ஜனவரியில், அங்கே ஒரு ரிசார்ட் பக்கம் வந்த யானை மேல் எரிகிற டயரை எறிந்தார்கள். காது கருகி, அது செத்தது. அந்த வீடியோவை நான் முழுசாகப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. ராத்திரி சஃபாரி, யானைக்குப் பக்கத்தில் டீ என்று யார் ஆசை காட்டினாலும் அந்தப் பக்கம் போகாதே. பந்திப்பூர் வழியில் ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை போக்குவரத்தை 2009-லேயே நிறுத்தினார்கள். டிரைவர்கள் நிறையப் பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. பகல் பூராவும் ரோட்டை நாம் வைத்துக்கொள்கிறோம், ராத்திரியாவது அதுகளுக்கு இருக்கட்டும்.

டிரைவர் விஷயம். இங்கே டாக்ஸி ஸ்டாண்டில் எனக்குத் தெரிந்த பையன் இருக்கிறான், சென்னையிலிருந்து யாரையும் பிடிக்காதே. மலை ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும், இறங்கும்போது கியரில்தான் இறங்க வேண்டும், காட்டுக்குள் பாட்டுப் போடக் கூடாது. இவன் மூன்றும் செய்வான். பிள்ளைகளுக்குப் பச்சை, காக்கி, பழுப்பில் சட்டை வாங்கு. பளபளக்கிற ஷூ வேண்டாம். அட்டை ஜனவரியில் அதிகம் இருக்காது, பயப்படாதே. பெரியவனுக்குப் பைனாகுலர் வாங்கித் தருவதாக அப்புச்சி சொன்னேன் என்று சொல்லிவிடு. வாங்கியாகிவிட்டது.

பரம்பிக்குளத்தில் தங்குகிற இடம் முன்பதிவு செய்தால்தான் கிடைக்கும், பொங்கல் வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளையிடம் கலந்து பேசி இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தேதியைச் சொல்லு. திங்கட்கிழமை காலை நான் பதிவு செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா