குட்டி இப்போதெல்லாம் எதையும் கேட்பதில்லை

அன்புள்ள பாப்பா,

நல்லா இருக்கிறாயா? நாங்கள் நலம். அப்பாவுக்கு சுகர் பரவாயில்லை, நடக்கத்தான் சோம்பல். ஆடிப்பெருக்குக்கு நீங்கள் மூன்று பேரும் வருவீர்கள் என்று தேங்காய், எலுமிச்சை எல்லாம் வாங்கி வைத்திருந்தேன், வரவில்லை, சரி, வேலை இருந்திருக்கும். பெரியத்தைதான் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் நீ இப்போது போனில் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

விஷயம் குட்டியைப் பற்றி. போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டேன். ஆவியாதல் என்றாள். அப்படியென்றால் என்ன என்றதும் இங்கிலீஷில் ஒரே மூச்சில் ஒப்பித்தாள், ஒரு எழுத்து பிசகவில்லை. "அப்போ வெயிலே இல்லாத நாளும் நம்ம மாடியில துணி காயுதே, அது எப்படி குட்டி?" என்று கேட்டேன். "அது சிலபஸ்ல இல்ல பாட்டி" என்று சொல்லிவிட்டு போனை உன்னிடம் கொடுத்துவிட்டாள். எனக்கு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

போன தீபாவளிக்கு நான் முறுக்கு பிழியும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, போட்டதும் ஏன் பாட்டி இவ்வளவு சத்தம் வருது, அப்புறம் ஏன் சத்தம் குறையுது என்று துளைத்தெடுத்தவள் இவள். எத்தனை வருஷமாக முறுக்கு சுடுகிறேன், சத்தம் அடங்கினால் வெந்துவிட்டது என்று கை தானாக எடுத்துவிடும், ஆனால் ஏன் என்று நம் வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. மாவில் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியே வருவதுதான் அந்தக் கொப்புளம், தண்ணீர் தீரத் தீர சத்தமும் அடங்கும் என்று அவளுக்குச் சொன்னேன். "அப்போ ஈரம் இருக்கிற வரைக்கும்தான் கத்துமா?" என்றாள். வாத்தியார் வேலை பார்த்த எனக்கு அதைவிட நல்ல பதில் எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை. அதே பிள்ளைதான் இப்போது ஆவியாதலுக்கு வரையறை மட்டும் சொல்கிறாள்.

உன்னைக் குற்றம் சொல்வதாக நினைக்காதே. நீ காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி வருகிறாய், சமையல், துணி, வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ஹோம்வொர்க், எல்லாம் உன் தலையில்தான், எனக்குத் தெரியும். ஆனால் அந்த எரிமலை பிராஜெக்ட் போட்டோ அனுப்பினாயே, அதைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. தெர்மாகோல் வெட்டியது நீ, பெயின்ட் அடித்தது நீ, படம் கடையில் வாங்கி ஒட்டியது, குட்டி பக்கத்தில் நின்று சிரித்தாள், அவ்வளவுதான். முதல் பரிசு வந்தது, சந்தோஷம். ஆனால் பொங்கி வந்தது என்ன என்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. சோடா உப்பும் வினிகரும் சேர்ந்து வாயு வந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லவுமில்லை, அவள் கையால் ஊற்ற விடவுமில்லை. கோணல்மாணலாக இருந்தாலும் அவள் செய்ததாக இருக்கட்டும். மிஸ் திட்டினால் திட்டட்டும்.

வீட்டில் அறிவியல் சொல்லித் தர உனக்கு நேரமும் வேண்டாம், சாமானும் வேண்டாம். எப்படியும் இட்லி மாவு அரைக்கிறாய். அதில் ஒரே அளவாக ரெண்டு கண்ணாடி டம்ளரில் பாதிவரை ஊற்று, மாவு நிற்கிற மட்டத்தில் ரப்பர் பேண்ட் போடு. ஒன்றை மேடையில் வை, ஒன்றை ஃப்ரிட்ஜில் வை. அவ்வளவுதான் உன் வேலை. ஆனால் வைப்பதற்கு முன்னாடி, முன்னாடியே, "காலையில என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேள். அவள் சொல்வதை ஒரு நோட்டில் அவள் கையால் எழுதச் சொல். தப்பாகச் சொன்னால் திருத்தாதே, முகத்திலும் காட்டாதே. காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் ஓடிப்போய்ப் பார்ப்பாள், பார். மேடை மேல் இருப்பது ரப்பர் பேண்டைத் தாண்டி ஏறியிருக்கும், ஃப்ரிட்ஜில் இருப்பது அப்படியே கிடக்கும். கண்ணாடி வழியாக உள்ளே குட்டிக் குட்டி ஓட்டை தெரியும், அதை விரலால் காட்டச் சொல். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரி மாவைத் தின்று வெளியே விடுகிற வாயுதான் அந்த ஓட்டை, குளிரில் அதற்கு வேலை ஓடாது. இதையும் நீயாகச் சொல்லாதே, அவள் கேட்டால் சொல். கேட்காவிட்டால் மார்கழியில் இன்னொரு தடவை வை, மாவு ஏன் லேட்டாகப் பொங்குது என்று அவளே வந்து நிற்பாள்.

இன்னொன்று. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டம்ளருக்கு வெளியே தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறதே, அது உள்ளேயிருந்து கசிந்து வந்ததுதான் என்று சின்னப் பிள்ளைகள் உறுதியாக நம்பும். என் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். இல்லை, காற்றில் இருக்கும் நீராவி என்று நாம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் பரீட்சையில் எழுதிவிடும், ஆனால் நம்பாது. ரோஸ்மில்க் கலந்து ஜில்லென்று வைத்துக் கொடு. கசிந்திருந்தால் வெளியே நிற்கிற முத்தும் ரோஸாகத்தானே இருக்க வேண்டும்? வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்க்கச் சொல். நீ வாயே திறக்க வேண்டாம். அப்புறம் அதே டம்ளரை ஏசி ரூமில் கொஞ்ச நேரம் வைத்தால் முத்து குறைவாக வரும், அதையும் அவளே கண்டுபிடிக்கட்டும், உங்கள் ஊர் புழுக்கத்துக்கு வெளியே வைத்தால் வழிந்தே ஓடும்.

ஆரத்தி கரைக்கும்போதும் அவளைக் கூப்பிடு. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பாகும், நமக்குப் பழகிப்போச்சு, அவளுக்கு அது மந்திரம். அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும். அப்புறம் சோப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், மோர் என்று அவளே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வருவாள். சுண்ணாம்பை மட்டும் நீ தொடு, அவள் கையில் கொடுக்காதே, கண்ணில் பட்டால் ஆபத்து.

நான் ரொம்ப நீட்டுகிறேனா? ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொல்ல வருகிறது. முன்னாடி கேள், பதிலை அவசரப்பட்டுச் சொல்லாதே. தெரியவில்லை என்றால் "எனக்கும் தெரியல, வா பார்ப்போம்" என்று சொல். யூடியூபை உடனே கையில் கொடுக்காதே. நீ பெரிய இன்ஜினியர், உனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது, அதுதான் எனக்குக் கவலை.

உன்னைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பக்கம் 1972-லேயே கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் கையாலேயே சோதனை செய்து படிக்கிற திட்டம் ஆரம்பித்தார்கள், அங்கே போய் வேலை செய்த அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து விளையாட்டுச் சாமான் செய்து காட்டினார் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். ஐஐடியில் படித்த மனுஷன், 2018-ல் பத்மஸ்ரீகூடக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் நான் வால்வு டியூப் வாங்கி வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ தீக்குச்சியில் சதுரம் செய்தாய், அமுக்கினால் சாய்ந்தது. முக்கோணம் செய்தாய், எப்படி அமுக்கினாலும் சாயவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட வராமல் சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி வைத்து அதையும் நிமிர்த்திவிட்டாய். யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கு நீ பாலம் டிசைன் பண்ணும்போது அப்பா தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போகிறார், எனக்கு மட்டும் அந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும். குட்டி உன் மாதிரிதான். விட்டால் செய்வாள். அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் எல்லாம் இலவசமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஒன்று செய்யுங்கள், போதும்.

இதைச் சொல்லலாமா கூடாதா என்று ரெண்டு நாளாக யோசித்தேன். போன வாரம் குட்டி போனில் குசுகுசுவென்று பேசினாள். ஏன் குட்டி, தொண்டை சரியில்லையா என்றேன். "அப்பா ரூம்ல இருக்காரு, சத்தம் போடக்கூடாது" என்றாள். மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்து வேலையாக இருக்கும், மீட்டிங் இருக்கும், இருக்கலாம். வகுப்பில் நன்றாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வாயை மூடிக்கொண்டால் நான் முதலில் பாடத்தைப் பார்க்க மாட்டேன், அந்தப் பிள்ளையின் அம்மாவை வரச்சொல்லி சும்மா உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பேன். சரி, அதை விடு. நான் எதுவும் கேட்கவில்லை. உன் சின்ன மாமா விஷயத்தில் உன் பாட்டி எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டே என்ன ஆனது என்று உனக்கும் தெரியும். ஆனால் குட்டி வீட்டில் சத்தமாகப் பேசட்டும், எதையாவது கீழே போட்டு உடைக்கட்டும், மாவைக் கொட்டட்டும். துடைத்துக்கொள்ளலாம்.

நிழல் விஷயத்தைச் சொல்ல மறந்தே போனேன், இதற்காகத்தான் அவசரமாக எழுத உட்கார்ந்ததே. உங்கள் சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் உச்சி வேளையில் நேர் தலைக்கு மேல் வரும், நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. வருஷத்தில் ரெண்டே தடவைதான், ஏப்ரல் 24 வாக்கில் ஒன்று வந்து போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கே மாடிக்குப் போய்விடுங்கள், பன்னிரண்டேகால் வாக்கில்தான் நிழல் மறையும். மாத்திரை டப்பா, தண்ணீர் பாட்டில், எது வேண்டுமானாலும் நேராக நிறுத்தி வை, தரையில் சாக்பீஸால் நிழல் நுனியைக் கொஞ்சம் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டே வரச்சொல். அன்று மேகமாக இருந்தால் மறுநாள் பார்க்கலாம், பெரிய வித்தியாசம் இருக்காது. சூரியனை நேராகப் பார்க்க விடாதே. நம் ஊர் உங்களுக்குத் தெற்கே இருப்பதால் இங்கே ஒரு வாரம் தள்ளி, 24 வாக்கில்தான் வரும். நான் இங்கே மாடியில் உலக்கையை நிறுத்திப் பார்த்துச் சொல்கிறேன், அவள் அங்கே பார்த்துச் சொல்லட்டும். ஏன் பாட்டி உனக்கு மட்டும் லேட்டு என்று அவள் கேட்கிறாளா என்று பார்ப்போம். ஏப்ரலில் நம் ஊருக்குத்தான் முதலில் வரும், அதையும் அவளிடம் நீ சொல்லாதே.

பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, குட்டிக்கு எள்ளுருண்டை எல்லாம் பார்சலில் போட்டிருக்கிறேன். காலாண்டு லீவுக்கு அவளை மட்டுமாவது அனுப்பு, நீயும் கூட வந்தால் இன்னும் நல்லது, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், உன் ரூமில் சாமான் எதுவும் போடவில்லை, அப்படியேதான் இருக்கிறது. ராத்திரி குட்டி தூங்கினதும் ஒரு போன் பண்ணு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை, அப்பா தூங்கிவிடுவார், நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
அம்மா